ஒகேனக்கல் ஏத்தத்துல மூச்சு வாங்குன 150: பெரிய கேம் போட்ட ஒரு வண்டியோட முழு கேஸ்

வண்டி 150 சிசி கிளாஸ், ஒரே சிலிண்டர், ஹெட்டுல ஒரு கேம், ரெண்டு வால்வு, கார்பரேட்டர் மாடல். கேம்ன்றது லோப்புன்ற மேடு வச்ச ஷாஃப்ட், அந்த மேடு தான் வால்வ தூக்கி தொறக்குது. போர் (சிலிண்டர் விட்டம்) 57 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி எறங்கற தூரம்) 58 மிமீ, கம்ப்ரஷன் ரேஷியோ (கலவை எத்தன மடங்கு அமுங்குதுன்றது) 9.5. எந்த கம்பெனி வண்டின்றது இங்க முக்கியம் இல்ல, இந்த சைஸ் எஞ்சின் எல்லாத்துக்கும் இதே கணக்கு தான். ஓனர் பென்னாகரம் பக்கம், தினமும் தருமபுரிக்கு வேலைக்கு வந்து போறவரு, ஞாயித்துக்கிழமை ஆனா வீட்டம்மாவையும் பையனையும் உக்கார வச்சுகிட்டு ஒகேனக்கல் எறங்குவாரு, மாமியார் வீடு அங்க தான்.

பட்டறைக்கு வந்தப்ப அவரு சொன்னது இது தான்: "அண்ணா, கேம் மாத்துனதுலருந்து பைபாஸ்ல பறக்குது, ஆனா ஒகேனக்கல்லருந்து மேல ஏறும்போது மூணாவது கியர்ல இழுக்கவே மாட்டேங்குது, ரெண்டாவது போட்டா கத்துது, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுது, பெட்ரோலும் குடிக்குது." முன்னாடி லிட்டருக்கு 48 குடுத்துட்டு இருந்த வண்டி இப்ப 36. கேம் போட்டது வெளியூர்ல ஒரு கடை. அதுக்கப்புறம் அவரு அலையாத எடம் இல்ல, ஒருத்தர் கார்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட்ட மாத்தியிருக்காரு, ஒருத்தர் கார்பரேட்டர் கழட்டி சுத்தம் பண்ணியிருக்காரு, இன்னொருத்தர் கிளட்ச் பிளேட்டே மாத்திட்டாரு. கேம ஒருத்தரும் அளக்கல. எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கற விஷயம் இது தான், மாத்துன சாமான் எதுவோ அதத்தான முதல்ல பாக்கணும்.

சரி, நாங்க மொதல்ல கம்ப்ரஷன் கேஜ் போட்டோம், ஆக்ஸிலேட்டர ஃபுல்லா திறந்து வச்சு. இந்த மாதிரி எஞ்சின் நல்லா இருந்தா எங்க கேஜ்ல 160 பிஎஸ்ஐ பக்கம் நிக்கும், இதுல 125. உடனே ரிங் போச்சுன்னு முடிவு பண்ணக்கூடாது. பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் விட்டு திரும்ப பாத்தோம், ரிங் தேஞ்சிருந்தா நம்பர் நல்லா ஏறணும், இதுல பெருசா ஏறல. ஹெட்ட கழட்டி போர்ட்டுல (வால்வுக்கு காத்து போற பாதை) மண்ணெண்ணெய் ஊத்தி வச்சோம், வால்வு சீட்டுல ஒரு சொட்டு கூட கசியல. ரிங்கும் நல்லா இருக்கு வால்வும் நல்லா உக்காருது, அப்புறமும் கம்ப்ரஷன் கம்மின்னா காத்து வேற எங்கயோ வெளிய போகுதுன்னு அர்த்தம், அதாவது பிஸ்டன் மேல ஏறி வர்ற நேரத்துலயும், கலவை உள்ள வர்ற இன்லெட் வால்வு இன்னும் தொறந்தே இருக்கு.

7.5 ன்னு சொல்லி வித்தது

ஹெட்ட திரும்ப மாட்டி, கிராங்க்ல கோணம் பாக்க டிகிரி வீல், பிளக் ஓட்டைல பிஸ்டனோட உச்சிய கண்டுபிடிக்க பிஸ்டன் ஸ்டாப், வால்வு ரிட்டெய்னர் மேல உயரம் அளக்க டயல் கேஜ் வச்சோம். வால்வு 1 மிமீ எழும்புற இடத்த தொறக்கற பாயிண்டாவும், திரும்ப 1 மிமீக்கு எறங்கற இடத்த மூடற பாயிண்டாவும் எடுத்துகிட்டோம். ஏன் 1 மிமீன்னா, லோப்போட ஆரம்பத்துல ராம்ப்புன்னு ஒரு மெதுவான ஏத்தம் இருக்கு, அங்க வால்வு நகருதா இல்லையான்னே கண்டுபிடிக்க முடியாது. சில பேரு அங்கருந்தே டியூரேஷன், அதாவது வால்வு தொறந்திருக்கற டிகிரிய எண்ணி 280, 290ன்னு பெரிய நம்பரா பாக்ஸ்ல போடறாங்க, சில பேரு 1 மிமீல எண்ணுறாங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டா எதுவும் புரியாது.

அவரு வீட்ல இருந்த ஒரிஜினல் கேமையும் கொண்டு வரச்சொல்லி ரெண்டையும் அதே ஹெட்டுலயே அளந்தோம். ஒரிஜினல்ல இன்லெட் டாப்புக்கு (பிஸ்டன் உச்சில நிக்கற இடம்) 5 டிகிரி முன்னாடி தொறந்து பாட்டம் (அடில நிக்கற இடம்) தாண்டி 35 டிகிரில மூடுது, ஆக 220 டிகிரி. புகை வெளிய போற எக்ஸாஸ்ட் வால்வு பாட்டத்துக்கு 35 முன்னாடி தொறந்து டாப் தாண்டி 5ல மூடுது. ரெண்டு வால்வும் சேந்து தொறந்திருக்கற ஓவர்லாப் 10 டிகிரி. வால்வு லிஃப்ட், அதாவது வால்வு எழும்பற உயரம், 7.2 மிமீ. புது கேம்ல இன்லெட் 20 முன்னாடி தொறந்து 50ல மூடுது, எக்ஸாஸ்ட் 50 முன்னாடி தொறந்து 20ல மூடுது. 250 டிகிரி, ஓவர்லாப் 40. லிஃப்ட் 9.0 மிமீ.

இந்த 9.0 பாத்ததும் ஓனருக்கு அதிர்ச்சி. கடைல அவருகிட்ட 7.5 லிஃப்ட்டுன்னு சொல்லியிருக்காங்க, ஒரிஜினல் 7.2ன்னு இவரு எங்கயோ தெரிஞ்சு வச்சிருந்ததால 0.3 மிமீ தான கூட, தினசரி ஓட்ட தாங்கும்னு நம்பி வாங்கிட்டாரு. அந்த 7.5 லோப்போட லிஃப்ட். லோப்புக்கும் வால்வுக்கும் நடுவுல ராக்கர்னு ஒரு நெம்பு இருக்கே, இந்த ஹெட்டுல அதோட ரேஷியோ 1.2, ஆக 7.5 இன்ட்டு 1.2, வால்வுல 9.0. ஒரிஜினல் கேம்ல லோப் லிஃப்ட் வெறும் 6.0 தான். 0.3ன்னு நெனச்சது 1.8 ஆயிடுச்சு. கேம் வாங்கும்போது லிஃப்ட் எந்த இடத்துல அளந்ததுன்னு கேக்காம காசு குடுக்கவே கூடாது.

அந்த 15 டிகிரி என்ன பண்ணுது

எல்லாரும் லிஃப்ட்ட தான் பேசுறாங்க, ஆனா இந்த வண்டிய ஏத்தத்துல சாகடிச்சது லிஃப்ட் இல்ல, இன்லெட் மூடற நேரம் 35லருந்து 50க்கு தள்ளிப்போனது.

பிஸ்டன் பாட்டத்த தாண்டி மேல ஏற ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் இன்லெட்ட கொஞ்ச நேரம் தொறந்து வைக்கறதுக்கு காரணம் இருக்கு. வேகமா ஓடும்போது போர்ட்டுல வர்ற காத்துக்கு ஒரு தள்ளுவேகம் இருக்கும், பிஸ்டன் திரும்பினாலும் அது உள்ள வந்துகிட்டே இருக்கும். 8000 ஆர்பிஎம்ல 220 டிகிரின்றது வெறும் 4.6 மில்லி செகண்ட், அவ்வளவு நேரத்துல சிலிண்டர் நெறையாது, அதனால அங்க லேட்டா மூடுனா லாபம். அதே 220 டிகிரி 3500 ஆர்பிஎம்ல 10.5 மில்லி செகண்ட், காத்துக்கு வேண்டிய நேரத்துக்கு மேலயே கெடைக்குது, தள்ளுவேகமும் கம்மி. அந்த நேரத்துல வால்வு தொறந்தே இருந்தா பிஸ்டன் உள்ள வந்த கலவைய திரும்ப கார்பரேட்டர் பக்கமே தள்ளிவிட்டுரும். இந்த எஞ்சின்ல கனெக்டிங் ராடு 105 மிமீ, கணக்கு போட்டா 35ல மூடும்போது பிஸ்டனுக்கு மேல ஏற இன்னும் 54 மிமீ பாக்கி இருக்கு, 50ல மூடுனா 50 மிமீ தான் பாக்கி. சிசி கணக்குல சொன்னா ஒரிஜினல்ல 10 சிசி மாதிரி வெளிய போகுது, பெரிய கேம்ல 20 சிசி. ஸ்டிக்கர்ல 9.5 கம்ப்ரஷன்னு இருக்கறது, வால்வு மூடுனதுக்கு அப்புறம் உண்மையா அமுங்கறதுன்னு பாத்தா ஒரிஜினல் கேம்ல 8.9, இதுல 8.3. இது கம்மி ஆர்பிஎம் கணக்கு தான், ஆனா ஒகேனக்கல் கொண்டை ஊசி வளைவுல மூணு பேரோட மூணாவது கியர்ல வண்டி ஓடறது அந்த 3500ல தானே.

எக்ஸாஸ்ட் பக்கமும் நஷ்டம் தான். பாட்டத்துக்கு 50 டிகிரி முன்னாடியே தொறந்துட்டா, பிஸ்டன இன்னும் கீழ தள்ள வேண்டிய அழுத்தம் சைலன்சர் வழியா போயிடுது. ஓவர்லாப் 40 இருக்கறதால ஸ்லோ ஸ்பீடுல கார்பரேட்டர் மூடி இருக்கும்போது இன்லெட் பக்கம் உறிஞ்சல் அதிகம், எரிஞ்ச புகையே திரும்ப உள்ள வந்து புது கலவையோட சேந்துரும், ஒரு தடவ எரியும் ஒரு தடவ எரியாது. சிக்னல்ல ஆஃப் ஆனது இதனால தான், ஜெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியா போனா புகை டெஸ்ட்லயும் மாட்டும்.

ஒரே லோப்ல கீழயும் மேலயும் ரெண்டும் வேணும்னா வராது. ஹோண்டா 1989ல இன்டெக்ரா கார்ல விடெக் கொண்டு வந்தப்ப ஒரு சிலிண்டருக்கு மெதுவான லோப் தனியா, வேகமான லோப் தனியான்னு வச்சு, ஆர்பிஎம் ஏறுனா மாத்திக்கற மாதிரி பண்ணாங்க, 1.6 லிட்டர்ல 160 பிஎஸ். நம்ம ஊரு பசங்களுக்கு தெரிஞ்ச உதாரணம்னா யமஹா ஆர்15 மூணாவது வெர்ஷன், 155 சிசில விவிஏன்னு இருக்கு, 7400 ஆர்பிஎம்ல இன்லெட் லோப் மாறும். இவ்வளவு பெரிய கம்பெனிங்க இதுக்காக கூடுதல் ராக்கர், பின், சோலினாய்டுன்னு செலவு பண்றாங்கன்னா, ஒத்த லோப்ல ரெண்டையும் குடுக்கறேன்னு ஒருத்தர் சொல்றத எப்படி நம்பறது. மறுபக்கம் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350 எடுத்துக்கோங்க, போர் 70, ஸ்ட்ரோக் 90, மெதுவான கேம், பவர் நம்பர் சின்னது தான், ஆனா மலைல கியர் மாத்தாம ஏறும், அந்த எஞ்சின யாருக்காக செஞ்சாங்களோ அவங்களுக்கு அது தான் வேணும்.

லிஃப்ட் கெட்டது இல்ல

இங்க ஒரு விஷயத்த தெளிவா சொல்லணும், ஏன்னா இந்த கேஸ கேட்டுட்டு சில பேரு லிஃப்ட்டே கூட்டக்கூடாதுன்னு எடுத்துக்குறாங்க. வால்வு எழும்பும்போது அத சுத்தி ஒரு வளையம் மாதிரி இடைவெளி உண்டாகுது, காத்து அந்த வழியா தான் போகணும். அதோட பரப்பு, வால்வு விட்டம் இன்ட்டு 3.14 இன்ட்டு லிஃப்ட். விட்டத்துல கால் பங்கு லிஃப்ட் வந்தா இந்த வளையமும் வால்வு முகத்தோட பரப்பும் சமம் ஆயிடும். இந்த ஹெட்டுல இன்லெட் வால்வு 31 மிமீ, கால் பங்குன்னா 7.75. அதுக்கு மேல தூக்குனா காத்து கூடவே கூடாதுன்னு இல்ல, ஆனா அப்ப தடுக்கறது போர்ட்டும் தொண்டையும், வால்வு இல்ல. போர்ட்ட தொடாம 9.0 போட்டதுல அந்த கடைசி 1 மிமீ கிட்டத்தட்ட வீண், ஸ்பிரிங்குக்கும் ராக்கருக்கும் தான் வேலை கூடுச்சு.

ஆனா 8 பக்கம் போறதுல நியாயம் இருக்கு. உச்சில வால்வு நிக்கறது ஒரு கணம் தான், 8 வரைக்கும் போற லோப் அதே டியூரேஷனுக்குள்ள 5, 6 மிமீக்கு மேல நெறைய டிகிரி நிக்கும். லிஃப்ட்ட டிகிரிக்கு டிகிரி கிராஃப் போட்டா கோட்டுக்கு கீழ வர்ற பரப்பு தான் காத்து. டியூரேஷன கூட்டாம பரப்ப கூட்டுனா கீழ இழுவையும் போகாது, மேலயும் கொஞ்சம் கெடைக்கும். தெரு வண்டிக்கு நான் கேக்கற லோப் இது தான்.

இதுக்கும் விலை இருக்கு. கம்மி டிகிரில அதிகமா தூக்கணும்னா லோப்போட பக்கச்சரிவு செங்குத்தாகும், வால்வ வேகமா தள்ளி வேகமா நிறுத்தணும். தோராயமா லிஃப்ட்ட டியூரேஷனோட வர்க்கத்தால வகுத்து ஒப்பிடலாம். அப்படி பாத்தா 9.0 மிமீ, 250 டிகிரி கேம் ஒரிஜினல விட மூணு சதவீதம் சாந்தமா தான் இருக்கணும். ஆனா இந்த கேம்ல டாப்பெட் (ராக்கர் முனைல வால்வ தள்ளுற ஸ்க்ரூ) சத்தம் தையல் மிஷின் மாதிரி. டயல் கேஜ்ல மெதுவா சுத்தி பாத்தப்ப காரணம் தெரிஞ்சுது, ஒரிஜினல்ல முதல் 0.3 மிமீய நெறைய டிகிரி எடுத்து பதமா ஏத்துது, மூடும்போதும் அதே பதமா எறக்குது, இதுல ராம்ப்பே இல்லாத மாதிரி டக்குன்னு ஏறுது, டக்குன்னு விடுது. வால்வு சீட்டுல அடிச்சு உக்காருது. லிஃப்ட்டும் டியூரேஷனும் ஒரே நம்பர் இருக்கற ரெண்டு கேம் ரெண்டு விதமா ஓடறதுக்கு இது தான் காரணம், அந்த நம்பர் ரெண்டும் லோப்போட உருவத்த சொல்றதே இல்ல.

கழட்டி பாத்தா

வால்வு ஸ்பிரிங் ஒரிஜினலே போட்டிருந்தாங்க. காயிலோட பக்கத்துல பளபளன்னு தேஞ்ச தடம், ஒன்னோட ஒன்னு உரசியிருக்கு. ஃபுல் லிஃப்ட்ல காயிலுக்கு நடுவுல மொத்தம் 0.3 மிமீ தான் மிச்சம், குறைஞ்சது 1 மிமீயாவது இருக்கணும். பிஸ்டன் மேல களிமண் வச்சு ஒரு சுத்து சுத்தி வெட்டி பாத்தோம், இன்லெட் பக்கம் 0.9 மிமீ. டாப் தாண்டி 10 டிகிரி பக்கம் தான் இன்லெட் வால்வும் பிஸ்டனும் ரொம்ப நெருங்கும், அங்க 1.2க்கு கீழ போனா நான் வண்டிய வெளிய விடமாட்டேன். மலைல எறங்கும்போது தப்பா ஒரு கியர் கீழ போட்டு ஆர்பிஎம் எகிறி ஸ்பிரிங் கட்டுப்பாடு விட்டா வால்வு பிஸ்டன்ல அடிச்சிரும், அதுவும் பின்னாடி குடும்பம் உக்காந்திருக்கும்போது. பவர் பத்தி பேச்ச விட்டுட்டு அவருகிட்ட நான் கோவமா சொன்னது இது ஒன்னு தான், இனிமே ஒரு கிலோமீட்டர் கூட இதுல ஓட்டாதீங்கன்னு.

ராக்கர்ல கேம் உரசற பேடும் கீறியிருந்தது. இது ரோலர் இல்லாத சாதா பேடு. ரோலர் ராக்கருக்கு வெட்டுன லோப்ப பேடு ராக்கர்ல போட்டாலோ மாத்தி போட்டாலோ வால்வோட நகர்வே மாறிடும், கேம் கார்டுல இருக்கற எந்த நம்பரும் செல்லாது. இன்னொன்னு, லோப்போட மூக்குல அழுத்தம் அதிகமா விழறது ஸ்லோ ஸ்பீடுல தான், ஆர்பிஎம் ஏறுனா வால்வோட தள்ளுவேகமே ஸ்பிரிங்கோட பாரத்துல ஒரு பங்க வாங்கிக்கும். அதனால புது கேம் போட்டு ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விட்டுட்டு டீ குடிக்க போகக்கூடாது, அசெம்ப்ளி பேஸ்ட் தடவி, 2000க்கு மேல கொஞ்ச நேரம் ஏத்தி எறக்கி வச்சா தான் லோப்பும் பேடும் ஒன்னோட ஒன்னு பதமாகும்.

சரி பண்ணது

ஓனர் கேட்டது, "இதையே வச்சு டைமிங் மட்டும் மாத்த முடியாதா அண்ணா?" நல்ல கேள்வி தான். கேம் ஸ்ப்ராக்கெட்டுல 34 பல்லு, ஒரு பல்லு மாத்துனா கிராங்க்ல 21 டிகிரி, அது ரொம்ப அதிகம். போல்ட் ஓட்டைய நீட்டி 4 டிகிரி முன்னாடி தள்ளலாம், இன்லெட் 46ல மூடும், கீழ கொஞ்சம் இழுவை வரும். ஆனா அப்ப இன்லெட் 24 முன்னாடி தொறக்கும், ஏற்கனவே 0.9 இருக்கற இடைவெளி இன்னும் குறையும். ஹெட்ட லேத்ல சீவி கம்ப்ரஷன கூட்டலாம், அதுலயும் வால்வு பிஸ்டன் கிட்ட தான் வரும். ஓவர்லாப்ப தொடவே முடியாது, ஒரே ஷாஃப்ட்ல ரெண்டு லோப்பும் இருக்கறதால ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கோணம் வெட்டும்போதே முடிவாயிடுது. எந்த பக்கம் போனாலும் அடைப்பு.

அதனால ஒரு ஸ்பேர் ஒரிஜினல் கேம வாங்கி கோயம்புத்தூர்ல கேம் அரைக்கற ஒரு கிரைண்டர்கிட்ட குடுத்தோம். கேம அரைச்சு லிஃப்ட் கூட்டறதுன்னா மூக்கு வளராது, அடிவட்டத்த கொறைக்கறாங்க, அவ்வளவு தான். சில்டு காஸ்ட் அயர்ன் (வார்க்கும்போதே வேகமா குளிர வச்சு கடினமாக்குன இரும்பு) கேம்னா கடினம் கொஞ்சம் ஆழம் வரைக்கும் இருக்கும், மேல்தோல் மட்டும் கடினப்படுத்துன ஸ்டீல் கேம அரைச்சா திரும்ப ஹார்டனிங் பண்ணாம ஓட்டக்கூடாது, வெண்ணெய் மாதிரி தேஞ்சிரும். இது காஸ்ட் அயர்ன், அதனால துணிஞ்சோம். அடிவட்டம் கொறஞ்சா ராக்கர் கீழ எறங்கும், டாப்பெட் ஸ்க்ரூ அதிகம் வெளிய வரணும், அதோட முனை வால்வு தண்டு நடுவுலயே உக்காருதான்னு மை தடவி பாத்துக்கிட்டோம்.

கேட்டது: லோப் லிஃப்ட் 6.7, வால்வுல 8.0. இன்லெட் 10 முன்னாடி தொறந்து 38ல மூடணும், 228 டிகிரி. எக்ஸாஸ்ட் 38 முன்னாடி, 6ல மூடணும். ஓவர்லாப் 16. உண்மையா அமுங்கற கம்ப்ரஷன் கணக்குல 8.8. லிஃப்ட்ட டியூரேஷனோட வர்க்கத்தால வகுக்கற அந்த கணக்குப்படி ஒரிஜினல விட நாலு சதவீதம் தான் கடுமை, அதனால ஒரிஜினல் ஸ்பிரிங்கே போதும், காயில் இடைவெளி 1.2 மிச்சம். ஒரிஜினல் சிடிஐயும் (பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்கற பெட்டி) அப்படியே, ஆர்பிஎம் லிமிட்டர தொடல. களிமண்ல இன்லெட் 1.9. டாப்பெட் கேப் (டாப்பெட்டுக்கும் வால்வுக்கும் விடற இடைவெளி) கிரைண்டர் சொன்னத வச்சோம், வண்டி புக்குல இருக்கறத இல்ல, ராம்ப் எவ்வளவு உயரமோ அதுக்கு ஏத்த கேப் தான் வைக்கணும். ஜெட்ட ஒரிஜினல் சைஸுக்கே கொண்டு வந்துட்டு அங்கருந்து பிளக் கலர் பாத்து ஒரு சைஸ் மெயின் ஜெட் மட்டும் ஏத்துனோம்.

கேஜ்ல 155 வந்தது. ஸ்லோ ஸ்பீடு 1400ல ஆடாம நிக்குது. மூணு பேரோட அதே ஏத்தம், மூணாவது கியர்லயே வளைவ விட்டு வெளிய வருது, கடைசி செங்குத்துல மட்டும் ரெண்டாவது. மைலேஜ் 45. இழப்பும் இருக்கு, மறைக்க மாட்டேன்: என்ஹெச் 44ல காலியா விரட்டுனா 8000க்கு மேல பெரிய கேம் குடுத்த அந்த எகிறல் இதுல இல்ல, ஒரிஜினல விட 6000லருந்து நல்லா தெரியற அளவு கூட இழுக்குது, அவ்வளவு தான். ஓனருக்கு அது கொஞ்சம் மனக்குறை தான், ஆனா தினசரி ஓட்டற வண்டிக்கு இது தான் சரின்னு நான் உறுதியா நிக்கறேன்.

சட்டமும் ஒன்னு இருக்கு, மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு வண்டில மாத்தம் பண்றத கட்டுப்படுத்துது, எஞ்சின்ல கை வைக்கறவங்க அத படிச்சுட்டு செய்யுங்க. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டில இந்த வேலைய இப்படியே செய்ய நெனைக்காதீங்க, அதுல ஆக்ஸிஜன் சென்சார் ஓவர்லாப்ல வெளிய வர்ற காத்த பாத்துட்டு கலவைல பெட்ரோல் கம்மின்னு நெனச்சு பெட்ரோல ஏத்திகிட்டே போகும், அதுக்கு மேப்பிங், அதாவது வண்டி கம்ப்யூட்டர்ல பெட்ரோல் அளவ மாத்தற வேலை, தெரிஞ்ச ஆளு வேணும்.

அடுத்த ஆயில் மாத்தும்போது கவர கழட்டி பாத்தோம். பேடுல கீறல் இல்ல, மூக்குல சாம்பல் கலர் சீரா இருக்கு, இன்லெட் கேப் மாறவே இல்ல, எக்ஸாஸ்ட் மட்டும் ஒரு மயிரிழை இறுகியிருந்தது. வால்வு சீட்டுல கொஞ்சம் உக்காரும், அதனால திரும்ப ஃபீலர் கேஜ் வச்சு அட்ஜஸ்ட் பண்ணி அனுப்பினோம். அடுத்த ஆயிலுக்கும் கேப் பாக்கணும்னு டேங்க் கவருக்குள்ள எழுதி ஒட்டியிருக்கு.